ஷெட்டில் வண்டியை விடப்போகிறீர்களா? திருட்டோடு துருவையும் கணக்கில் வையுங்கள்

எங்கள் குட்டி யானையின் ஸ்டெப்னி மாறிப்போனது எனக்கு நடுரோட்டில்தான் தெரிந்தது. கிளட்ச் வேலைக்காக ஒரு மெக்கானிக் ஷெட்டில் பத்து நாள் விட்டிருந்த வண்டி. எடுத்து வந்து மூன்று வாரம் கழித்து, மண்டபத்தில் கருவாடு ஏற்றிக்கொண்டு பரமக்குடி போகும்போது பின் டயர் பஞ்சர். தொட்டிக்கு அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கினால், விரல் வைத்தால் வழுக்குகிற மொட்டை டயர். நான் வாங்கி மாட்டியது அதுவரை ஒருமுறைகூடத் தரையில் உருளாத டயர். ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். "நீங்க விடும்போதே இதான் தம்பி இருந்துச்சு" என்றார் ஷெட்காரர். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோ கிடையாது, ஒரு சீட்டு கிடையாது. அவர் மாற்றினாரா, அங்கே வேலை பார்த்த பையன் மாற்றினானா, இல்லை அதற்கு முன்பே வேறு ஏதோ பஞ்சர் கடையில் மாறியிருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த மனிதர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சந்தேகத்தில்தான் பத்து வருடப் பழக்கம் கெட்டது.

நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் நாணயமானவர்கள். ஆனால் ஷெட் என்பது நாலு பக்கமும் திறந்த இடம். நாலு பேர் வந்து போவார்கள், பத்து வண்டி நிற்கும், ஒரே மாதிரி போல்ட்டு நூறு கிடக்கும். அதற்கு மேல் உப்புக் காற்று. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோர ஊரை எடுத்தாலும், கழற்றிப் போட்ட பாகத்தைத் திருடன் தொடுவதற்கு முன்னால் துரு தொட்டுவிடும். அதனால் இந்தப் பக்கம் புதிதாக வந்து வண்டி வைத்திருப்பவர்களும், முதல் வண்டி வாங்கியவர்களும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வேலைக்குத் தேவையில்லாத எதுவும் வண்டியில் போக வேண்டாம். ஜாக்கி, வீல் ஸ்பானர், டூல்ஸ் பை, சார்ஜர், ஹெல்மெட், மழைக்கோட்டு, தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிற வண்டி என்றால் ஸ்டெப்னியையும் வீட்டில் வைத்துவிடலாம். பேட்டரியும் அப்படித்தான். வண்டி ஓடிப் போக வேண்டியிருப்பதால் போகும்போது பேட்டரி இருக்கும்; வேலை பெரியது என்று முடிவானதும் கழற்றி ஆட்டோவில் எடுத்து வந்துவிடுங்கள். பேட்டரிக்குள் இருப்பது ஈயம். செத்த பேட்டரிக்கே காயலான் கடையில் நல்ல விலை உண்டு. தவிர, மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் நின்றால் அது தானாகவே செத்துவிடும். வீட்டுக்குக் கொண்டு வந்து இடையிடையே சார்ஜ் ஏற்றிக்கொண்டால் இரண்டு லாபம்.

ஒரிஜினல் ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸும் டேஷ்போர்டுக்குள் கிடக்க வேண்டாம். சோதனையில் காட்ட போனில் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருப்பது போதும். சாவிக் கொத்திலிருந்து வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவியோடு கொத்தாகக் கொடுத்துவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டோ எடுக்கும் முறை

சுற்றி நின்று நாலு பக்கம் படம் எடுப்பது எல்லோரும் செய்வதுதான். கீறல், ஒடுக்கு விஷயத்தில் அது உதவும். பாகம் மாறினால் அது உதவாது. எண் தெரிகிற மாதிரி நெருக்கத்தில் எடுக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லா டயரிலும் அதைப் படம் எடுங்கள். சில நேரம் அந்த எண் டயரின் உள்பக்கம் இருக்கும். குனிந்து போனை உள்ளே நீட்டினால் கிடைத்துவிடும். பேட்டரியின் சீரியல் எண்ணையும் வாரன்டி கார்டையும் ஒரே படத்தில் எடுங்கள். மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி, சாவியை ஆன் செய்து ஒரு படம். பானெட்டைத் திறந்தால் டைனமோ, செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் லேபிள்கள். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்த குறியீடு இருந்தால் அதுவும். காமன் ரெயில் என்ற புதிய வகை டீசல் இன்ஜின்கள் பலவற்றில் அந்தக் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். அதனால் இன்ஜெக்டர் மாறினால் பொருள் நஷ்டத்தோடு புகையும் நடுக்கமும் சேர்ந்து வரும்.

சைலன்சரை யாரும் நினைப்பதில்லை. புதிய வண்டிகளின் புகைக் குழாயில், புகையைச் சுத்தப்படுத்த வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்சரை மட்டும் குறிவைத்துக் கழற்றிக்கொண்டு போன திருட்டுகள் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. வண்டிக்கு அடியில் போனை நீட்டி ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

ஷெட்டில் பேசும் பேச்சு

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பட்டியல் போட்டால் மெக்கானிக் கோபித்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஸ்டெப்னி போன பிறகு நான் போக ஆரம்பித்த உச்சிப்புளிப் பக்கத்து ஷெட்டில் முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்ததும் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, வாத்தியார் மாதிரி அட்டெண்டன்ஸ் எடுக்குறீக?"

"இல்லண்ணே, வண்டி எங்க அப்பா பேருல இருக்கு. எது எது விட்டேன்னு ராத்திரி கேப்பாரு. எனக்கு மறதி வேற."

"எழுதுங்க, எழுதுங்க. நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா எனக்கும் அது நல்லதுதான்."

அவரே மீட்டரைப் பார்த்து கிலோமீட்டரைச் சொன்னார். கீழே கையெழுத்துப் போட்டு, ஷெட் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினார். பழியை வீட்டில் இருக்கும் ஒருவர் மேல் போட்டுவிட்டு எழுதுங்கள். எந்த மெக்கானிக்கும் முகம் சுளிக்க மாட்டார். சுளிக்கிறவரிடம் வண்டியை விடாமல் திரும்புவது நல்லது.

நோட்டில் எழுத வேண்டியது அதிகமில்லை. தேதி, வண்டி எண், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, வண்டியோடு விட்ட சாமான்கள், செய்யச் சொன்ன வேலை, உத்தேசச் செலவு, தருவதாகச் சொன்ன நாள். பெரிய சர்வீஸ் சென்டர் என்றால் ஜாப் கார்டு என்று அவர்களே அச்சடித்துத் தருவார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "செய்யச் சொன்ன வேலை" என்ற இடத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அடித்துவிட்டு உங்கள் குறையை எழுதச் சொல்லுங்கள். சின்ன ஷெட்டில் நோட்டுக்கு இடமில்லை என்றால், அவர் நம்பருக்கே வாட்ஸப்பில் படங்களையும் பட்டியலையும் அனுப்பி "சரிண்ணே" என்று ஒரு பதில் வாங்குங்கள். அந்த ஒரு வார்த்தை பின்னால் பெரிய சாட்சி.

இன்னும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: "சொன்ன வேலைக்கு மேல எதைத் திறந்தாலும் ஒரு போன் போட்டுட்டுத் திறங்க."

விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கிளைம் போகிற வண்டிக்கு மட்டும் வரிசை மாறும். கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

கழற்றிய பாகம் வெளியே போகும்போது

பாகம் தொலைவதில் பாதி, ஷெட்டில் நடப்பதில்லை. அங்கிருந்து வெளியே போகும் வழியில் நடக்கிறது. இன்ஜின் ஹெட் லேத்துப் பட்டறைக்குப் போகும், கிராங்க் கிரைண்டிங்குக்குப் போகும், டைனமோ எலக்ட்ரீஷியனிடம் போகும், டீசல் பம்ப் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போகும். ஒவ்வொரு கை மாறும்போதும் "அங்கதான் இருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பட்டறைக்கு அனுப்பினீர்கள் என்பது. பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பாகத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். டவுனுக்குப் போகிற வேலையோடு வேலையாக முடிந்துவிடும், லேத்துக்காரரின் முகமும் பழகும்.

அடுத்தது அடையாளம். மார்க்கரில் எழுதினால் டீசலில் கழுவும்போதே போய்விடும். துணியில் எழுதிக் கட்டினால் ஆயிலில் ஊறி எழுத்து தெரியாது. சின்ன அலுமினியத் தகட்டில் வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பஞ்ச் வைத்துக் குத்தி, கட்டுக்கம்பியால் பாகத்தின் ஓட்டை ஒன்றில் முறுக்கிவிடுங்கள். பாகத்தின் மேலேயே குத்துவதென்றால் மெக்கானிக்கைக் கேட்டு, வேலை செய்யாத ஓரமாகப் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள். பேக்கிங் (கேஸ்கெட்) உட்காருகிற முகத்தில் ஒரு புள்ளி குத்தினாலும் அங்கே கசியும்.

ஜோடியாக இருப்பவை ஜோடியாகவே இருக்க வேண்டும். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒன்றாகக் கடைந்தவை. வேறு ராடின் மூடியை மாற்றிப் போட்டால் பேரிங் காலி. ராடையும் மூடியையும் போல்ட்டுப் போட்டுக் கையால் முறுக்கி ஒன்றாகவே அனுப்பச் சொல்லுங்கள். வால்வுகளையும் எந்த ஓட்டையில் எது இருந்ததோ அந்த வரிசையிலேயே வைப்பதுதான் முறை. உச்சிப்புளி அண்ணன் இதற்கெல்லாம் கொட்டாங்கச்சிதான் பயன்படுத்துகிறார். தென்னந்தோப்புக்கு நடுவில் ஷெட், கொட்டாங்கச்சிக்கா பஞ்சம். ஒரு பலகையில் வரிசையாக எட்டு கொட்டாங்கச்சி. முதலாவதில் கியர்பாக்ஸ் போல்ட்டு, இரண்டாவதில் செல்ஃப் போல்ட்டு என்று வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பழைய ஆயில் ஊற்றிவிடுவார். "அட்டைப் பெட்டியில போட்டா உப்புக் காத்து ஈரத்தை இழுத்துக் கொடுக்கும் தம்பி, இதுல போட்டா ஊறுகா மாதிரி கெடக்கும்" என்பார். இதைவிட நல்ல பார்ட்ஸ் டிரேயை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

நேரம் பார்ப்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் படகு இன்ஜின்கள் எல்லாம் பிரிக்கப்படும். லேத்துப் பட்டறைகளில் கால் வைக்க இடமிருக்காது. படகு ஹெட்டும் லாரி ஹெட்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்தக் குவியலில் உங்கள் சின்ன வண்டியின் ஹெட் அடியில் போய்விடும். அவசரமில்லாத இன்ஜின் வேலையை அந்த மாதங்களில் தொடங்காதீர்கள்.

ரேடியேட்டர் பழைய மாடல் என்றால் உள்ளே செம்பும் பித்தளையும் இருக்கும். டைனமோ, செல்ஃப் காயில்களும் செம்பு. இவை வேலைக்குப் போய்த் திரும்பும்போது லேபிள் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

உப்புக் காற்றிலிருந்து

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர் பைக் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பார்ட்ஸ் வரட்டும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டார். போர் செய்து (உள்சுவரைக் கடைந்து) கண்ணாடி மாதிரி இருந்த சிலிண்டருக்குள் விரலை விட்டால் செம்மண் ஒட்டியது போல வந்தது. திரும்பவும் போர், திரும்பவும் பிஸ்டன். யாரும் எதையும் திருடவில்லை, காசு மட்டும் போனது.

கடைந்த இரும்பு இங்கே ஒரு ராத்திரி தாங்காது. லேத்திலிருந்து வந்ததும் அதில் ஒட்டியிருக்கும் தண்ணீர் கலந்த கடைசல் ஆயிலைக் கழுவித் துடைத்து, இன்ஜின் ஆயில் தடவ வேண்டும். அப்புறம் ஆயில் துணியில் சுற்றி, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக் கவர். ஆயில் இல்லாமல் நேரே பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளேயே வியர்த்துத் துரு இன்னும் வேகமாக ஏறும். பேரிங், ஆயில் சீல் போன்றவற்றை மாட்டுகிற நிமிடம் வரை கம்பெனிக் கவரைப் பிரிக்க விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போன மாதம் திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிரித்த இன்ஜின் வண்டியிலேயே இருந்தால், திறந்திருக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் சுத்தமான துணி அடைத்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் தங்கச்சிமடத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் மணல் பறப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடைத்த துணிகளை எண்ணி எழுதி வையுங்கள். உள்ளே மறந்துபோன ஒரு துணி ஒரு இன்ஜினைக் கொல்லும். வயர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டால் பச்சைக் களிம்பு பூக்கும், அதனால் முனைகளைக் கவர் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு நியாயமும் பேச வேண்டும். மீன் ஐஸ் தண்ணீர் சொட்டியே ஓடிய வண்டியில் பல போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருக்கும். சூடு காட்டினாலும் திரும்பாமல் தலை முறியும், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அது மெக்கானிக்கின் தப்பில்லை. முறிந்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும், விலையில் சண்டை போடாதீர்கள்.

வேலை முடிந்து வாட்டர் சர்வீஸ் செய்து தருகிறேன் என்றால், "நல்ல தண்ணியா, போர் தண்ணியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. அதை வண்டிக்கு அடியில் பீய்ச்சி அடிப்பதற்குக் கழுவாமலே விடலாம்.

புதுசு, பழசு

மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் "அது இரும்புக் கடைக்குப் போயிருச்சே" என்பார்கள். பழைய கிளட்ச் பிளேட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றால், ஒன்றும் செய்யப் போவதில்லை. மாற்றினார்கள் என்பதற்கு அது சாட்சி. பார்த்துவிட்டு அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள், டீக் காசு ஆகும். வாரன்டியில் மாற்றிய பாகத்தையும் இன்சூரன்ஸ் கிளைமில் மாற்றிய பாகத்தையும் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அங்கே போய் மல்லுக்கு நிற்க வேண்டாம். பேட்டரி மாற்றினால் மட்டும் பழையதன் விலை பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பேர் பாகத்தை நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுப்பதானால், எந்தப் பாகம் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஆயில் டப்பாவின் சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் ஒரு கீறு கீறிவிடுங்கள், ஒரிஜினல் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். போலி ஆயிலும் போலிப் பாகமும் விற்கிறவனுக்கு வேண்டியதே அந்த டப்பாவும் பெட்டியும்தான்.

எடுக்கும் நாள்

பகலில் போங்கள். இருட்டிய பிறகு "வண்டி ரெடி, வந்து எடுத்துக்கங்க" என்று போன் வந்தால் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். போனில் பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு டயர் எண், பேட்டரி எண், லேபிள்கள், மீட்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். மீட்டர் 5 கிலோமீட்டர் ஏறியிருந்தால் டெஸ்ட் ஓட்டம். 150 ஏறியிருந்தால் கேள்வி கேளுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பணம். பில்லில் பாகம் தனியாகவும் கூலி தனியாகவும் இருக்க வேண்டும். சக்கரம் கழற்றிய வண்டியென்றால், 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

மாறியிருந்தால்

முதலில் நேரில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, படத்தைக் காட்டிப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் மானப் பிரச்சினையாகி, கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. பாதி விஷயம் "அடடா, அந்த வண்டியோடது மாறிருச்சு" என்று அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவுப்படி, வேலைக்காக ஒப்படைத்த பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பது போல ஷெட்காரர் கவனித்திருக்க வேண்டும். 'பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டு அவரை முழுதாகக் காப்பாற்றாது. ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கு ஒன்றில், இப்படி அச்சடித்துக் கொடுத்துவிட்டுத் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்தது ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. லோடு வண்டி வைத்து நீங்களே ஓட்டிப் பிழைப்பவர் என்றால் உங்களுக்கும் இது பொருந்தும். வாடகைக்கு விட நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். வேண்டுமென்றே எடுத்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவில் வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் கூலி கொடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, செய்த வேலைக்குக் கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. கூலியைக் கொடுத்துவிட்டு, பில்லின் இரண்டு பிரதியிலும் 'ஸ்டெப்னி மாறியுள்ளது, ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.